சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த மூன்று பிள்ளைகள்

கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் (1726–1798) தரங்கம்பாடி மிஷன் வழியாகத் தமிழகம் வந்த செருமானிய லூத்தரன் போதகர். பிரசிய நாட்டின் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்து ஹாலே நகரில் கல்வி கற்றவர். தமிழ் வேதாகம அச்சு வேலைக்கு உதவுவதற்காக அங்கேயே தமிழ் படிக்கத் தொடங்கினார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பின்னர் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் தங்கிப் பணி செய்தார். அதன்பின் தாயகம் திரும்பவே இல்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை.

வரலாற்று நூல்கள் இவரைப் பெரும்பாலும் 1779இல் ஐதர் அலியிடம் தூது சென்றவராகவே நினைவுகூர்கின்றன. ஆனால் பிள்ளையில்லாத இவருடைய பொறுப்பில் மூன்று சிறுவர்கள் ஆளாகினர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒருவர் போதகரானார், ஒருவர் புலவரானார், மற்றொருவர் தஞ்சை மன்னரானார்.

முதலாமவர் ஜான் காஸ்பர் கோலாப். தரங்கம்பாடியில் பணி செய்த ஒரு மிஷனரியின் மகனாக 1762இல் பிறந்தவர். இளமையிலேயே சுவார்ட்ஸ் இவரைத் தம்முடன் வைத்துக்கொண்டு பயிற்றுவித்தார். 1787இல் குருப்பட்டம் பெற்ற கோலாப், ஆசிரியர் இறந்த பிறகும் தஞ்சை மிஷனைவிட்டு நகராமல் 1844இல் மறையும்வரை உழைத்தார்.

இரண்டாமவர் வேதநாயகம். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவ்வூருக்குச் சென்ற சுவார்ட்ஸ், உபதேசியாராக இருந்த தந்தை தேவசகாயத்திடம் கேட்டு, ஏறத்தாழ 12 வயதுச் சிறுவனைத் தஞ்சைக்கு அழைத்துவந்தார். பையனின் அறிவுக்குத் தம் வீட்டுப் பாடம் மட்டும் போதாது என்று கண்டு, பின்னர் தரங்கம்பாடிக்கு அனுப்பி, டாக்டர் ஜான் முதலியோரிடம் இறையியலோடு பிற கலைகளையும் கற்கச் செய்தார். நல்ல மாணவனைத் தம்மிடமே பிடித்துவைத்துக்கொள்ளும் ஆசை ஆசிரியர்களுக்கு இயல்பு. அதை விட்டுக்கொடுத்தது சுவார்ட்ஸின் பெருந்தன்மை என்றே கொள்ள வேண்டும். திரும்பி வந்த வேதநாயகம் 19 வயதிலேயே தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அவர் 1800இல் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி' படித்துப் பார்க்க வேண்டிய நூல். குறத்தி, சிங்கன் என்று வழக்கமான குறவஞ்சி உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. கூடவே கோப்பர்னிக்கஸ் கொள்கைப்படி கோள்களின் இயக்கமும், உலக நாடுகளின் விவரமும் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் சிற்றிலக்கியத்துக்குள் இவ்வளவு இயல்பாகப் புகுந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. வேதநாயகம் சாஸ்திரியார் என்று புகழ்பெற்ற அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் பாடப்படுகின்றன.

மூன்றாமவர் சரபோஜி. இவருடைய கதைதான் சிக்கலானது. தஞ்சை மன்னர் துளஜா பிள்ளையில்லாமல் 1787இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, 10 வயதுகூட நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்து, சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். சுவார்ட்ஸ் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. அரண்மனைக்கு வெளியே வாழும் ஒரு போதகரால் இளவரசனைப் பாதுகாக்க இயலாது என்பது அவர் எண்ணம். மன்னரின் தம்பி அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி ஆலோசனையும் கூறினார்.

அந்த ஆலோசனையின் விளைவு சிறுவனின் தலையில் விழுந்தது. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூற, கும்பினியார் அமர்சிங்கையே அரசராக்கினர். சரபோஜி கல்வியின்றி, நடமாட்டமின்றி, அரண்மனையின் ஒரு மூலையில் அடைபட்டுக் கிடந்தார். இதை அறிந்தபின் சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. சென்னை அரசுக்கு விடாமல் எழுதினார். பையனுக்குப் படிப்புக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பாடு கேட்டார். 1793இல் சரபோஜியும் துளஜாவின் அரசியரும் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது உடன் சென்றார். அங்கே கெரிக்கே என்ற மிஷனரி சரபோஜிக்குப் பாடம் சொன்னார். தத்து பற்றிய வழக்கும் மறுபடி விசாரிக்கப்பட்டு, 1798 சூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காண ஆசிரியர் உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 13 அன்றே காலமாகிவிட்டார். அவர் உடலைக் காண வந்த சரபோஜி அழுதார் என்று மிஷனரிகள் எழுதிவைத்துள்ளனர்.

சரபோஜி கிறித்தவராகவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1803இல் போன்சலே வம்ச வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் கல்லில் வெட்டச் செய்தவர் அவர். பின்னர் காசி யாத்திரையும் சென்றார். மாணவர் சமயம் மாறாததால் சுவார்ட்ஸின் அக்கறை குறைந்ததாகத் தெரியவில்லை. குருவின் நினைவாக இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சை சிவகங்கைப் பூங்காவை அடுத்த ஆலயத்தில் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் போதகரின் கையை மன்னர் பற்றிக்கொண்டிருக்கும் காட்சி அது. தஞ்சை செல்வோர் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் இதையும் பார்க்கலாம்.

இந்த வளர்ப்பு முழுவதும் நன்மையாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. கும்பினியின் தயவில் அரசரான சரபோஜி, 1799 ஒப்பந்தத்தின்படி தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் தவிர நாடு முழுவதையும் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். ஆட்சி இல்லாத அந்த அரசர் தம் ஆண்டுகளை சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்குவதிலும், மருத்துவ ஆராய்ச்சியிலும், அச்சுக்கூடத்திலும் செலவிட்டார். நூலகம் கிடைத்தது நமக்கு லாபம். நாடு போனது யாருக்கு லாபம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வேதநாயகத்திடமும் ஒரு முரண் உண்டு. கோப்பர்னிக்கஸைப் பாடிய அதே புலவர், ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கத்தை 1820களில் புதிய மிஷனரிகள் ஒழிக்க முயன்றபோது கடுமையாக எதிர்த்தார். சுவார்ட்ஸ் காலத்தில் அவ்வழக்கம் பொறுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. ஆசிரியர் கண்டும் காணாமல் விட்ட ஒன்றை மாணவர் உரிமையாகவே எடுத்துக்கொண்டார். இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவிலும் சரபோஜி அவையில் அவருக்கு மதிப்பு இருந்தது. 1832இல் சரபோஜி இறந்தபின் மேலும் 32 ஆண்டுகள் வாழ்ந்து, 1864இல் தம் 90ஆம் வயதில் சாஸ்திரியார் தஞ்சையில் காலமானார்.