ஓர் இரவிலிருந்து நாற்பது நாள் வரை: பாஸ்காவும் தவக்காலத்தின் தோற்றமும்

திருநீற்றுப் புதனில் தொடங்கி, நாற்பது நாள் நோன்பு, குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், புனித வெள்ளி என்று போய் உயிர்ப்பு ஞாயிறில் முடிகிறது இன்றைய வழிபாட்டு நாட்காட்டி. வரலாறு நடந்தது தலைகீழாக. முதலில் இருந்தது ஓர் இரவு மட்டுமே. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர் கொண்டாடும் பாஸ்காவின் பெயரையே அதுவும் தாங்கியிருந்தது. நோன்பும் வாரமும் தவக்காலமும் பிற்பாடு அதன் முன்னால் வந்து சேர்ந்தவை.

பவுல் ஏறத்தாழ கி.பி. 55இல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், கிறிஸ்துவைப் பலியிடப்பட்ட பாஸ்கா ஆடாகக் குறிப்பிட்டு, பழைய புளிப்பு மாவை அகற்றச் சொல்கிறார். அவர் இதை விளக்கவில்லை. ஒழுக்கக்கேடு ஒன்றைக் கண்டிக்கும்போது போகிற போக்கில் சொல்கிறார். யூதரல்லாதார் மிகுந்திருந்த அந்தச் சபைக்கும் செய்தி பழகியதாகவே இருந்திருக்க வேண்டும். நற்செய்திகளோ நாள் கணக்கில் ஒத்துப்போவதில்லை. மாற்கு, மத்தேயு, லூக்கா மூவருக்கும் இறுதி இராவுணவே பாஸ்கா விருந்து. யோவானுக்கு இயேசு இறப்பது விருந்துக்கு முந்திய பகலில், அதாவது கோவிலில் ஆடுகள் வெட்டப்படும் வேளையில். ஆட்டின் எலும்பை முறிக்கலாகாது என்ற விடுதலைப் பயண நூலின் விதியையும் அவர் சிலுவையடியில் நினைவூட்டுகிறார்.

கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிந்ததோடு ஆட்டுப்பலி நின்றுபோயிற்று. ஆடில்லாமல் பாஸ்காவைக் கொண்டாடுவது எப்படி? பாஸ்கா ஆடு, புளியாத அப்பம், கசப்புக்கீரை ஆகிய மூன்றின் பொருளையும் எடுத்துச் சொல்லாதவன் கடமையை நிறைவேற்றவில்லை என்று யூத ஆசான் கமாலியேல் கூறியதாக, ஏறத்தாழ 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா பதிவு செய்கிறது. கிறிஸ்தவர்களோ ஆட்டைப் பற்றிய விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, பவுல் முன்பே சொன்னதுபோல், ஆடு கிறிஸ்துவே என்றார்கள். ஒரே இழப்புக்கு இரு வீட்டாரும் கண்ட விடைகள் இவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இயேசுவின் இராவுணவை அப்படியே மீட்டெடுப்பதாக எண்ணி, பெரிய வியாழனன்று யூதர்களின் இன்றைய பாஸ்கா விருந்து முறையை நடத்திப் பார்க்கும் சபைகள் இதைக் கவனிப்பது நல்லது. அம்முறையின் பெரும்பகுதி அவர் காலத்துக்குப் பின் உருவானது.

இரண்டாம் நூற்றாண்டில் சின்ன ஆசியாச் சபைகள், கிழமை எதுவானாலும் யூத நாட்காட்டியின் நீசான் மாதம் 14ஆம் நாள் இரவையே பாஸ்காவாகக் கொண்டன. யூதர் விருந்துண்ட வேளையில் இவர்கள் பட்டினி கிடந்து விழித்திருந்தார்கள். சேவல் கூவிய பிறகே நற்கருணை. அந்நூற்றாண்டைச் சேர்ந்த ‘திருத்தூதர்களின் திருமுகம்’ என்ற நூலில், சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு தூதர் இந்த இரவில் வந்து சேவல் கூவும்வரை உடன் விழித்திருக்கிறார்.

அப்படியோர் இரவில் என்ன பேசினார்கள் என்பதைக் காட்டும் முழு ஆவணம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதே சின்ன ஆசியாவின் சர்தை நகர் ஆயர் மெலித்தோ ஏறத்தாழ 160–170இல் ஆற்றிய பாஸ்கா மறையுரை அது. பாப்பிரஸ் ஏட்டிலிருந்து அறிஞர் கேம்பல் பானர் 1940இல் பதிப்பித்தார். விடுதலைப் பயணப் பகுதி வாசித்து முடிந்ததும் உரை தொடங்குகிறது. சிற்பி முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ ஒரு மாதிரி செய்கிறான். சிலை எழுந்தபின் மாதிரிக்கு மதிப்பில்லை. எகிப்திய ஆடு மாதிரி, கிறிஸ்து சிலை என்பது மெலித்தோவின் வாதம். உவமை அழகானதுதான். ஆனால் பக்கத்துத் தெருவில் இன்னும் பாஸ்கா கொண்டாடுகிறவர்களின் விழாவை அது கழித்துக்கட்டிய சரக்காக்குகிறது. உரையின் பிற்பகுதி இஸ்ரயேல்மீது கடவுளைக் கொன்ற பழியையே சுமத்துகிறது. சர்தையில் யூதர் வலுவாக வாழ்ந்தவர்கள். அங்கே 1962இல் வெளிப்பட்ட தொழுகைக்கூடம், மெலித்தோவுக்குப் பிற்பட்டதாயினும், பண்டைய உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

உரோமையோ ஞாயிற்றுக்கிழமையையே பிடித்து நின்றது. ஏறத்தாழ 155இல் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப் உரோமைக்கு வந்தபோது, அவரும் ஆயர் அனிசேத்தும் இதில் உடன்படவில்லை. ஆனாலும் நற்கருணையை நிறைவேற்றும் பெருமையை அனிசேத்து விருந்தினருக்கே விட்டுக்கொடுத்தார். சுமார் 190இல் ஆயர் விக்டர் ஆசியச் சபைகளைத் திருச்சபை உறவிலிருந்து துண்டிக்க முனைந்தபோது, இந்தப் பழைய சம்பவத்தைச் சுட்டிக்காட்டித் தடுக்க முயன்றவர் லியோன் ஆயர் இரனேயு. வரலாற்றாசிரியர் யூசேபியு காத்துத் தந்திருக்கும் இரனேயுவின் கடிதத்தில் நமக்கு வேண்டிய செய்தி வேறொன்றும் இருக்கிறது. நாள் மட்டுமல்ல, நோன்பும் வேறுபடுகிறது. சிலர் ஒரு நாள், சிலர் இரு நாள், சிலர் அதற்கும் மேல், இன்னும் சிலர் இரவு பகலாக நாற்பது மணி நேரம் என்கிறார். தவக்காலத்தின் விதை இந்த வரிகளில் கிடக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் அது ஒரு வாரமாகிவிட்டது. ‘திதஸ்காலியா’ என்ற ஒழுங்கு நூலின்படி, திங்கள் முதல் வியாழன் வரை பிற்பகல் மூன்று மணிக்கு ரொட்டியும் உப்பும் தண்ணீரும் மட்டும். வெள்ளியும் சனியும் எதுவுமில்லை. அந்தத் திங்கட்கிழமையை நூல் ‘பத்தாம் நாள்’ என்கிறது. விடுதலைப் பயணத்தில் ஆட்டைத் தேர்ந்து தனியே கட்டிவைக்கும் நாள் பத்து, வெட்டும் நாள் பதினான்கு. கிறிஸ்தவப் புனித வாரத்தின் எலும்புக்கூடு பாஸ்கா ஆட்டின் நாட்கணக்குதான்.

325இல் கூடிய நீசேயா சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட முடிவெடுத்தது. யூதர்களின் கணக்கைப் பின்பற்றலாகாது என்பதைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் கடிதத்தில் கடுமையாகவே எழுதினார். அச்சங்கத்தின் ஐந்தாம் விதி ‘நாற்பது’ என்ற காலத்தை எல்லாருக்கும் தெரிந்ததுபோல் குறிப்பிடுகிறது. ஆயினும் எகிப்தில் அது உடனே வேரூன்றவில்லை. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 330ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நாற்பது நாள் நோன்பைக் கேட்கிறார். பத்தாண்டு கழித்தும், உலகமே நோன்பிருக்க நாம் மட்டும் உண்டால் சிரிக்கமாட்டார்களா என்று எழுத வேண்டியிருந்தது. ஆறு நாள் அப்படியே நீண்டு நாற்பதாயிற்று என்ற எளிய விளக்கத்தை இன்று பலர் ஏற்பதில்லை. எகிப்தில் திருக்காட்சி விழாவை ஒட்டித் தனியான நாற்பது நாள் நோன்பு இருந்தது, அதுவே பாஸ்காவுக்கு முன்னால் நகர்ந்தது என்பது வழிபாட்டு வரலாற்றாய்வாளர் தாமஸ் டாலி போன்றோரின் வாதம்.

எப்படி வந்திருந்தாலும், அதற்கு உயிர் கொடுத்தது திருமுழுக்கு. அதற்கு மிக உகந்த நாள் பாஸ்காவே என்று தெர்த்துல்லியன் முன்பே எழுதியிருந்தார். 380களில் எருசலேம் சென்ற திருப்பயணி எகேரியா, திருமுழுக்குப் பெறவிருப்போருக்கு ஆயர் நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் மறைநூல் போதித்ததை விவரிக்கிறார். செங்கடலைக் கடக்கும் மக்களாக அவர்கள் தங்களைக் கண்டார்கள். ஊரெல்லாம் கிறிஸ்தவமாகிக் குழந்தைத் திருமுழுக்கே வழக்கமானபின் அந்தப் பயிற்சி தேய்ந்து, தவக்காலத்தில் பாவப் பரிகாரமே மேலோங்கியது.

வீட்டு விருந்தாக இருந்த பாஸ்கா, ஆலயத்துக்குள் சுருங்கியது பற்றிப் பொதுவாக யாரும் பேசுவதில்லை. அந்தச் சுருக்கத்துக்குக் கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர் வீடுகள் விலக்கு. பெரிய வியாழன் இரவில் அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவிடாமல் அவித்த பெசஹா (பாஸ்கா) அப்பத்தைக் குடும்பத் தலைவர் பிட்டு, மூத்தவர் முதல் வரிசையாகத் தருவார். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்யமாட்டார்கள். உறவினரோ அயலாரோ கொண்டுவந்து கொடுப்பார்கள்.

மேற்குத் திருச்சபையில் இரவு விழிப்பே காலப்போக்கில் சனிக்கிழமைக் காலைச் சடங்காகி, ஆளில்லாத ஆலயத்தில் நடந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் சோதனையாக அதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். 1955இல் புனித வாரம் முழுவதும் சீரமைக்கப்பட்டது. இன்றைய கத்தோலிக்கத் திருப்பலி நூலின்படி ஆடு பற்றிய 12ஆம் அதிகாரம் பெரிய வியாழன் மாலையில் வாசிக்கப்படுகிறது. திருவிழிப்பின் ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். செங்கடலைக் கடந்த 14ஆம் அதிகாரத்தை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது.