ஏரி வாரியமும் இன்றைய வண்டலும்

தொண்டை நாட்டு ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவன அல்ல. பெய்த மழையைத் தேக்கி வைத்தே இங்கு நெல் விளைந்தது, ஊர்கள் நிலைத்தன. ஆகவே இந்நாட்டின் வரலாற்றை அரண்மனைகளைக் காட்டிலும் ஏரிக்கரைகளில் தேடுவதே பொருத்தமாகும்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காக நாம் போற்றுகிறோம். அவ்வோலைகள் எப்பணிக்காக எடுக்கப்பட்டன என்பதையோ விரைந்து கடந்துவிடுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டோருள் அறுவர் ஏரி வாரியத்தார். அவ்வூர் வைரமேகத் தடாகத்தில் குழி தோண்டி மண்ணெடுக்க அறக்கொடைகள் அளிக்கப்பட்டமையைப் பல்லவர் காலக் கல்வெட்டுகளே கூறுகின்றன.

அன்றைய ஏரிக்குப் பெரும்பிணி தூர்ந்துபோதல். அதற்கான மருந்து எளியது. கோடையில் வாரிய வண்டல் வயலுக்கு எருவாயிற்று. ஏரி ஆழம் பெற்றது, வயல் வளம் பெற்றது. நீரில் சேர்ந்தவை யாவும் மட்கக்கூடியவை என்பதே இவ்வொழுங்கின் அடிப்படை.

1856இல் இலண்டனில் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டார். அதன் வழிவந்த சாயங்கள் உலகெங்கும் செடிகொடிச் சாயங்களை ஒதுக்கின. காஞ்சிப் பட்டும் அதற்கு விலக்கன்று. துவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் வெளுக்காமை சேலைக்குச் சிறப்பு. அக்குணமே ஏரிக்குக் கேடு. இத்தகு சாயங்கள் எளிதில் சிதைவதில்லை. சிலவற்றில் குரோமியம், செம்பு போன்ற உலோகங்களும் உண்டு. உலோகம் மட்குவதே இல்லை. சேற்றில் படிந்து தங்கிவிடும்.

புத்தேரியில் தொடங்கி நகரை ஊடறுத்து நத்தப்பேட்டை ஏரியை அடையும் மஞ்சள் நீர்க் கால்வாய் மழைநீருக்கென அமைந்தது. அதில் சாக்கடையும் சாயநீரும் கலப்பது பல்லாண்டுக் குறை.

இக்கேடு முற்றினால் என்னவாகும் என்பதைப் பாலாற்றின் மேற்பகுதி காட்டுகிறது. அங்குள்ள தோல் பதனிடும் தொழில் பற்றி 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயனற்றுப் போனதைப் பதிவு செய்தது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுச்சென்ற கழிவோ ஒரு இலட்சம் டன்னுக்கும் மேல். ஆலை ஓடியது ஏறத்தாழ இருபதாண்டு. நஞ்சுக்கு அவ்வாறான கால எல்லை இல்லை.

இங்குதான் பழம்பெருமை நம்மை ஏமாற்றக்கூடும். 'முன்னோர் போல் தூர் வாருவோம்' என்கிறோம். ஏரி வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017இல் அரசும் வழி செய்தது. நல்ல ஏற்பாடே. ஆனால் சாயநீர் புகுந்த ஏரியின் வண்டல் வேறு. அதைச் சோதிக்காமல் வயலில் இடுவது எருவிடுதல் ஆகாது. நஞ்சை இடம் மாற்றுவதே ஆகும். முன்னோர் செயலைப் பின்பற்றுமுன் அச்செயலைச் சாத்தியமாக்கிய நீரின் தூய்மையை மீட்டாக வேண்டும். கழிவைக் கால்வாய்க்கு முன்பே தடுப்பதும், சேற்றைச் சோதித்தபின் வாருவதும் இன்றைய ஏரி வாரியத்தின் முதற்கடமைகள்.

கணக்குக் காட்டாத வாரியத்தாரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலைக்கு உரியவரல்லர் என்கிறது உத்திரமேரூர்க் கல்வெட்டு. நத்தப்பேட்டை ஏரியின் கணக்கை நாம் யாரிடம் கேட்பது?