பாலில் புரதத்தை அளந்த கதை

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் வீட்டில் எழுந்த முதல் புகார் மொழியைப் பற்றியும் இல்லை, மழையைப் பற்றியும் இல்லை. பாலைப் பற்றி. "டிகாக்‌ஷன் நம்மூர் டிகாக்‌ஷன்தான், பால்தான் தண்ணி" என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஊரில் எருமைப்பால் வாங்கிப் பழகின வீடு எங்களுடையது. இங்கே பால் என்றால் அநேகமாகப் பசும்பால், அதுவும் கலப்பினப் பசு. நானும் அதைத் தண்ணீர்க் கணக்கிலேயே எழுதிவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு லாக்டோமீட்டர் என்றால் தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் கருவி, அவ்வளவுதான் தெரியும்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கடன் கணக்கு. இரண்டு கறவை மாட்டுக்குக் கடன் வாங்கிய ஒரு அம்மா, நெய்யாற்றின்கரைப் பக்கம். தவணை பாக்கி விழ ஆரம்பித்ததும் நேரில் பார்க்கப் போனேன். மாடுகள் இருந்தன, பாலும் கறந்தது. சொசைட்டி கொடுத்த சீட்டுகளைக் கொண்டுவந்து திண்ணையில் பரப்பினார். கொழுப்பு 3.5, 3.6 என்று ஒழுங்காகவே இருந்தது. அடுத்த கட்டத்தில் 7.8, 7.9. அந்த எண்ணுக்கு விலைப்பட்டியலில் அடிமட்ட விலைதான். "ஞான் ஒரு துள்ளி வெள்ளம் சேர்த்திட்டில்ல சாரே" என்றார். (நமக்கு வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது, இங்கே ஒரு சொட்டும் வெள்ளம்தான் :-) ) காலையில் வரிசையில் நிற்கும்போது எல்லோர் காதிலும் விழும்படி அந்த எண்ணைச் சொல்கிறார்களாம். பணம் குறைந்ததை விட அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததுதான் இது.

அந்த இரண்டாவது கட்டத்தின் பெயர் எஸ்.என்.எஃப். நம்மூர்ச் சொசைட்டியில் பால் ஊற்றியவர்கள் 'இதர சத்து' என்பார்கள். கொழுப்பையும் தண்ணீரையும் கழித்தால் மிஞ்சும் திடப்பொருள். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 4.7 சதவீதத்தை ஒட்டி, தாது உப்புகள் 0.7, மீதி 3 சொச்சம் புரதம். சர்க்கரையும் உப்பும் அவ்வளவாக ஏறி இறங்காது. ஆகவே தண்ணீர் சேராத, நோயில்லாத மாட்டுப் பாலில் இதர சத்து குறைந்தால், குறைந்தது பெரும்பாலும் புரதம் என்று அர்த்தம். ஆனால் சொசைட்டியில் யாரும் புரதத்தை அளப்பதில்லை. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கு வந்த வழி சுவாரசியமானது. 1890க்கு முன் பாலுக்கு எடை பார்த்தே பணம். தண்ணீர் ஊற்றினவருக்கும் ஊற்றாதவருக்கும் ஒரே விலை. அந்த வருஷம் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்காக் கந்தக அமிலத்தை ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பை அளக்கும் சோதனையை வெளியிட்டார். காப்புரிமை வாங்காமல் உலகத்துக்கே விட்டுவிட்ட மனிதர். கொஞ்ச காலத்திலேயே சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் தன் முறையைக் கொண்டுவந்தார். நம் நாட்டுச் சொசைட்டிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்தது கெர்பர் சோதனைதான். கொழுப்பு பிடிபட்டுவிட்டது. மீதியை எப்படி அளப்பது? இங்கிலாந்தின் ஹென்றி ட்ரூப் ரிச்மண்ட் என்ற வேதியியலாளர், அளக்கவே வேண்டாம், பாலின் அடர்த்தியும் கொழுப்பும் தெரிந்தால் போட்டுவிடலாம் என்று ஒரு சூத்திரம் கொடுத்தார். லாக்டோமீட்டர் டிகிரியை நாலால் வகு, கொழுப்பில் 0.2 பங்கைக் கூட்டு, கடைசியில் 0.14 கூட்டு.

லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிச்மண்ட் கணக்கில் 7.84. ஆனால் இந்தியாவில் புழங்கும் இன்னொரு சூத்திரத்தில் 0.2க்குப் பதில் 0.21, 0.14க்குப் பதில் 0.36. அதில் போட்டால் 8.10. அதே பால், அதே மாடு, அதே காலை! இதில் மோசடி எதுவும் இல்லை. எந்த வெப்பநிலைக்கு அளவு குறித்த லாக்டோமீட்டர் என்பதைப் பொறுத்துச் சூத்திரம் மாறவேண்டும். ஐரோப்பாவின் பழைய கருவி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு. நம் ஐ.எஸ்.ஐ. கருவி 27 டிகிரி செல்சியஸுக்கு. ஒன்றின் கருவியை வைத்து இன்னொன்றின் சூத்திரத்தைப் போட்டால் கால் சதவீதம் காணாமல் போகும்.

அது மட்டுமில்லை. மடியிலிருந்து வந்த பால் 35 டிகிரியில் இருக்கிறது, கருவி 27க்கு என்றால், எட்டு டிகிரி வித்தியாசத்துக்குத் திருத்தம் போட்டாக வேண்டும். போடாவிட்டால் லாக்டோமீட்டர் சுமார் 1.4 டிகிரி குறைத்துக் காட்டும். நாலால் வகுத்தால் இதர சத்தில் 0.35 நஷ்டம். இதற்கு மேல் ரெக்நாகல் விளைவு என்று ஒன்று. கறந்த சூட்டோடு அளந்தால் அடர்த்தி குறைவாகவும், சில மணி நேரம் வைத்து அளந்தால் கொஞ்சம் கூடுதலாகவும் தெரியும். ஏறத்தாழ ஒரு டிகிரி வரை. வீட்டுக்கு அடுத்த வாசலிலேயே சொசைட்டி இருப்பவருக்கு இதனால் கெடுதல்தான், பாருங்கள்.

இப்போது பல இடங்களில் அமிலமும் லாக்டோமீட்டரும் போய், ஒலி அலையால் அளக்கும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் எல்லா எண்ணும் வரும். அதுவும் புரதத்தை நேரில் பார்ப்பதில்லை. பாலில் ஒலி போகும் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. நுரைக் குமிழ் இருந்தாலோ, அவ்வப்போது சரிபார்க்காமல் விட்டாலோ தப்பாகச் சொல்லும். ஆனால் அச்சடித்த சீட்டில் வந்த எண்ணை யார் எதிர்த்துப் பேசுவது?

அளவுதான் தப்பு, மாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1963ல் மாட்டுப்பட்டியில் இந்திய–சுவிஸ் திட்டம் தொடங்கி, பிரவுன் ஸ்விஸ் காளையோடு நாட்டு மாட்டைச் சேர்த்து சுனந்தினி பிறந்தது. பால் பெருகியது. 1980ல் மில்மா வந்தது. ஆனால் தீவனம்? 1970களில் கேரளத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்தது. இன்று 2 லட்சத்தை ஒட்டி. வைக்கோல் நம் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. பசும்புல்லுக்கு இடமில்லை. பால் புரதத்துக்குத்தானே குறை என்று பிண்ணாக்கை அள்ளி வைப்பார்கள். விஷயம் அப்படி இல்லை. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பிண்ணாக்கின் சத்தைப் புரதமாக மாற்ற எரிசக்தி வேண்டும், அதாவது மாவுச்சத்தும் நல்ல புல்லும். அது பற்றாவிட்டால் பிண்ணாக்கின் பெரும் பங்கு யூரியாவாகக் கழிந்துவிடும். வெயில் காலத்தில் மாடு தின்பதே குறையும், எண் இன்னும் இறங்கும். அந்த அம்மாவின் சீட்டுகளில் மோசமான எண்கள் மார்ச், ஏப்ரலில்தான் இருந்தன.

சரி, புரதத்தையே நேராக அளந்தால் என்ன? அதற்கும் வழி உண்டு. 1883ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர்க்காரர்களின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் கண்ட முறை இன்றும் உரைகல். ஆனால் அவர் அளந்தது நைட்ரஜனை. பாலுக்கு அதை 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்கிறோம். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2008ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்தார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரதம் சரியாக இருந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன, 6 குழந்தைகள் இறந்தன. கலப்படமே செய்யாத பாலிலும் கொஞ்சம் யூரியா இயல்பாகவே உண்டு. அதையும் கெல்டால் புரதம் என்றே எண்ணும். அதனால்தான் அமெரிக்காவின் அரசுப் பால் விலைமுறையில் 2000லிருந்து 'உண்மைப் புரதம்' என்று தனியாகப் பிரித்துப் பணம் கொடுக்கிறார்கள்.

நம் சட்டமோ எண்ணில் பிடிவாதமானது. கலப்படத் தடை விதிகளில் பசும்பாலுக்கு இதர சத்து 8.5 என்று இருந்தது. 2017ல் வந்த திருத்தத்தில் நாடு முழுவதற்கும் 8.3 ஆனது. 1995ல் உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு சாம்பிளில் கொழுப்பு 4.6, இதர சத்து 7.7. கொஞ்சம்தானே குறைவு என்ற வாதத்தை 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தண்டனை உறுதியானது. 24 வருஷம்! அந்த மனிதர் தண்ணீர் கலந்தாரா இல்லையா என்று சொல்ல நான் யார்? அந்த எண்ணும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் என் உறுத்தல்.

புரதம் சம்பந்தப்படாத ஒன்றையும் சொல்லவேண்டும், நம் ஊர்ப் பால் என்பதால். 2023 ஜனவரி 11ஆம் தேதி ஆரியங்காவு சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த 15,300 லிட்டர் டேங்கரைப் பிடித்தார்கள். பால்வளத் துறை சோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தது. மணிக்கணக்கு கழித்து உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த சாம்பிளில் அது இல்லை. பெராக்சைடு நேரம் ஆக ஆகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டின. எங்கள் ஆபீஸ் கான்டீனில் என்னைப் பார்த்து "உங்க ஊர்ப் பாலா?" என்று ஒரு வாரம் கேலி.

அந்த அம்மா கடைசியில் ஒரு பசுவை விற்றுக் கடனை அடைத்தார். கணக்கு முடிக்க வந்த அன்று, இந்த வெப்பநிலைக் கணக்கையும் இரண்டு சூத்திரங்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், தெரிந்த மலையாளத்தில். முழுக்கக் கேட்டார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு மாடு இருக்கிறதே, இதை நாளைக்குச் சொசைட்டியில் காட்டலாமா என்று கேட்டார். பாலைக் கொஞ்சம் ஆறவைத்துக் கொண்டுபோய், அதோடு காட்டுங்கள் என்றேன்.