பெயின்ற் எப்போது உண்மையில் காய்கிறது?

கண்டி–கொழும்பு வீதியில் பித்தளைக் கடைகளைக் கொண்ட பிலிமத்தலாவையில், மழைக்காலத்தில் சுவருக்குப் பூசிய எமல்சன் பெயின்ற் இலகுவில் காயாது. கிளிநொச்சி வெயிலிலோ அது விரைவாகவே காய்ந்துவிடும். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: கையில் ஒட்டவில்லை என்றால் வேலை முடிந்துவிட்டதா?

இல்லை. எமல்சன் பெயின்ற் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பல்பகுதியத் துணிக்கைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 முதல் சில நூறு நனோமீற்றர் அளவானது. முதலில் நீர் ஆவியாகி, துணிக்கைகள் நெருங்குகின்றன. அடுத்து அவை நசிந்து, இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. மூன்றாவதாக, ஒரு துணிக்கையின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் எல்லையைத் தாண்டி அடுத்ததற்குள் பரவிப் பின்னிக்கொள்கின்றன. படலத்துக்குப் பலம் தருவது இந்தப் பின்னல்தான். அது நடக்காவிட்டால் துணிக்கைகள் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்; தேய்த்தால் மாவாக உதிரும்.

நெருக்கமான கூட்டத்துக்குள் பாம்பு நெளிவதுபோல் இச்சங்கிலிகள் நகர்கின்றன என்ற விளக்கத்தை 1971இல் முன்வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எம்மவர் பலர் வாழும் ரொறன்ரோவின் பல்கலைக்கழகத்தில், மிற்செல் வினிக்கின் குழு ஒளிரும் அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு இப்பரவலை அளந்தது.

வெப்பநிலை கூடினால் பரவல் வேகமாகும். ஒவ்வொரு பல்பகுதியத்துக்கும் ஒரு இளகும் வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே சங்கிலிகள் அசையா. இயற்கை இறப்பருக்கு அது ஏறத்தாழ மறை 70 பாகை செல்சியஸ் என்பதால், மலைநாட்டுக் குளிரிலும் இறப்பர் பால் படலமாகிறது. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த நாற்றுகளோடு தொடங்கியது இலங்கையின் இறப்பர் வரலாறு. கையுறை செய்யும்போது கந்தகம் சங்கிலிகளைக் கட்டிப்போடும். முன்கூட்டியே அதிகமாகக் கட்டினால் துணிக்கைகளிடையே பின்னல் குறையும்.

சேமித்த காசில் வீட்டைத் திருத்துபவர்களுக்கு இதிலிருந்து மூன்று பாடங்கள். ஈரமான சுவரில், மழை நாளில் பூச வேண்டாம். வன்னியில் உச்சி வெயில் சுட்ட சுவரிலும் வேண்டாம்: துணிக்கைகள் நசிந்து சேருமுன் நீர் போய்விட்டால் படலம் வெடிக்கலாம். பூசிய சுவரை உடனே கழுவித் தேய்க்காமல் சில வாரம் விட்டுவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். உள்ளே பின்னல் இன்னும் நடந்துகொண்டிருக்கும்.