போர்க்காலத்தில் சாராய வரி: சென்னை மாகாணம் தவறவிட்ட கணக்கு

போர் என்றாலே பீரங்கியும் விமானமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் போர் நடக்கும்போது ஓர் அரசாங்கம் தன் கஜானாவை எப்படிச் சமாளித்தது என்பதும் வரலாறுதான். இரண்டாம் உலகப் போரின்போது சாராய வரி விஷயத்தில் சென்னை மாகாண அரசு செய்த தவறுகளைப் புரிந்துகொள்ள, வானூரில் இருந்து தொடங்கலாம்.

இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் வானூர், அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் வேறு வரி. அதனால் விலையும் வேறு! எல்லைக் கோட்டில் வரி நின்றுவிடும், சாராயம் நிற்காது என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டு அப்காரி சட்டத்தின்படி மது வருமானம் பல வழிகளில் வந்தது. கள் இறக்கும் பனை, தென்னைக்கு மரவரி. சாராயத்துக்கு அளவைப் பொறுத்துத் தீர்வை. இவை போக, கடைகளை ஏலம் விட்டதில் வந்த பணம். மாகாண வருமானத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கு இப்படித்தான் வந்தது.

1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1938-இல் சித்தூர், கடப்பை. 1939 அக்டோபரில் வடாற்காடு. குடியால் அழிந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் போன வருமானத்தை எங்கே தேடுவது? அதற்காக வந்ததுதான் 1939-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி இதுதான். பெரிய வியாபாரிகளின் மொத்த விற்பனையில் அரை சதவீதம் வரி. அரை சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் வியாபாரி அதை விலையில் சேர்த்துவிட்டால், குடிக்காதவரும் கொடுத்தாக வேண்டும்!

முதல் தவறு இங்கேதான். மதுவிலக்கு மாகாணம் முழுவதும் வரவில்லை. சேலத்தில் கடை இல்லை, அதை ஒட்டிய தென்னாற்காட்டில் கடை உண்டு. வடாற்காட்டில் இல்லை, அதை அடுத்த திண்டிவனம் பக்கத்தில் உண்டு. வானூர் எல்லையில் அந்நிய ஆட்சியால் இருந்த தொல்லையை, அரசு தன் மாகாணத்துக்குள்ளேயே தானே உண்டாக்கிக்கொண்டது.

இரண்டாவது தவறு போர் வந்த பிறகு. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. மக்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்ததை எதிர்த்து அக்டோபர் இறுதியில் ராஜாஜி அரசு பதவி விலகியது. ஆட்சி கவர்னரின் ஆலோசகர்கள் கைக்குப் போனது. மதுவிலக்கு என்பது சட்டத்தால் மட்டும் நிற்பதல்ல. ஊரில் பிரச்சாரம் செய்யும் தொண்டர்களும் வேண்டும். அந்தத் தொண்டர்களில் பலர் தனிநபர் சத்தியாகிரகத்திலும், 1942 ஆகஸ்ட் போராட்டத்திலும் சிறைக்குப் போய்விட்டார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவது நிற்கவில்லை. அதில் அரசுக்கு ஒரு காசு வரி கிடையாது. ஆக மதுவிலக்கும் முழுமையாக இல்லை, வரியும் இல்லை!

கடைசியில் 1943-இல் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்து, கடைகளைத் திறக்க வழி செய்தது. நாட்டில் அரிசிக்கே மக்கள் தவித்த ஆண்டு அது. சாராய வருமானம் திரும்பி வந்தது. அப்படியானால் அதற்கு ஈடாகப் போட்ட விற்பனை வரி போயிற்றா? போகவில்லை! இதுதான் மூன்றாவது தவறு, பெரிய தவறும்கூட. ஒன்றுக்குப் பதிலாக வந்த வரி, இரண்டாவது வரியாகவே தங்கிவிட்டது.

போர் முடிந்து காங்கிரஸ் ஆட்சி திரும்பியதும் மதுவிலக்கு மறுபடி படிப்படியாக வந்து, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் கொண்டுவந்தார்கள், 1981-இல் மீண்டும் தளர்த்தினார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. விற்பனை வரியோ வாட் ஆகி, 2017-இல் ஜி.எஸ்.டி. ஆகிவிட்டது. குடிக்கும் மதுவோ ஜி.எஸ்.டி.க்கு வெளியே, மாநிலங்களின் கையில் இருக்கிறது.

மதுக்கடையை மூடவும் திறக்கவும் ஓர் ஆணை போதும். ஆனால் அந்தக் கடைக்குப் பதிலாக வந்த வரியை எந்த ஆணையும் திரும்ப எடுக்கவில்லை. கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், அதைக் கட்டிக்கொண்டிருந்தது குடிக்காத ஏழையும்தான்.