மெத்தனால்: பாலிஷ் டப்பாவிலிருந்து மரக்காணம் வரை

இன்னைக்கு கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் மருத்துவம். த்ரெட் நீளம்தான், பொறுமையா படிங்க.

1/ மரக்காணம்னு சொன்னா ஈ.சி.ஆர். ஓரத்து உப்பளம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 2023 மே மாதம் அங்கே எக்கியார்குப்பம் மீனவர் பகுதியில், சாராயம்னு வாங்கிக் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மரக்காணம் பக்கம் மட்டும் 14 பேர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர்.

2/ சோதித்துப் பார்த்தால், அது காய்ச்சிய சாராயமே இல்லை. ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால். தின்னர், வார்னிஷ் போன்றவற்றில் கரைப்பானாகச் சேர்க்கிற அதே பொருள். நிறம் கிடையாது, வாசனையும் கிட்டத்தட்ட சாராயம் மாதிரியே இருக்கும். குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

3/ இதோட பழைய பெயர் மரச்சாராயம். மரத்தைச் சூடாக்கி வடித்த திரவத்திலிருந்து 1661-ல் ராபர்ட் பாயில் இதைப் பிரித்தார். 1923-ல் ஜெர்மனியின் லாய்னா ஆலையில், மரமே இல்லாமல் செயற்கையாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதுக்கப்புறம் மெத்தனால் மலிவாகிவிட்டது.

4/ இன்னொரு வேலையும் இதற்குக் கொடுத்தார்கள். ஆலைக்குப் போகிற எத்தனாலை யாரும் குடிக்கக் கூடாதுன்னு அதில் மெத்தனால் கலந்தார்கள். அதுதான் மெத்திலேட்டட் ஸ்பிரிட். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தப்போ, இந்தக் கலந்த ஸ்பிரிட்டைத் திருடி விற்றார்கள். குடித்த பலர் செத்தார்கள்.

5/ நம்ம ஊருக்கு வருவோம். 1937-ல் ராஜாஜி ஆட்சியில் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. கடை மூடியதும் சிலர் கை வைத்தது ஃப்ரெஞ்ச் பாலிஷ் டப்பாவில். மரச்சாமானுக்குப் பளபளப்பு தர, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்கிற பொருள் அது.

6/ அதனால்தான் 1959-ல் மதுவிலக்குச் சட்டத்தின் கீழேயே தனி விதிகள் வந்தன. அந்த விதிகளின் தலைப்பிலேயே மூன்று பெயர்கள் இருக்கு: கலப்பு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ். யோசிச்சுப் பாருங்க. மேசைக்குப் பூசுகிற பாலிஷை மனுஷன் குடிப்பான்னு அரசாங்கத்துக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அப்படியும் 2023-ல் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் மட்டும் 65 பேருக்கு மேல் இறந்தார்கள்.

7/ உடம்புக்குள்ள என்ன நடக்குது? மெத்தனாலை நம்ம கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். விஷம் அந்த அமிலம்தான். ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும், கண் நரம்பு கருகும். 10 மில்லி சுத்தமான மெத்தனாலே பார்வையைப் பறிக்கப் போதும்.

8/ இந்த மாற்றம் நடக்க நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம். நல்ல சாராயமும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதுவரை ஆள் சாதாரணமாத்தான் இருப்பார். பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் முன்னால் வெள்ளையாப் பனிமூட்டம். "போதை இன்னும் இறங்கல, தூங்கட்டும்"னு வீட்டில் விட்டுவிடுவார்கள். உயிர் போவது இந்த இடத்தில்தான்.

9/ சீக்கிரம் வந்தால் சிகிச்சை இருக்கு. ஃபார்மிக் அமிலம் உருவாவதைத் தடுக்க ஃபோமெப்பிசோல் அல்லது அளந்து கொடுக்கும் எத்தனால், ரத்த அமிலத்தைச் சரிசெய்ய பைகார்பனேட், விஷத்தை வெளியேற்ற டயாலிசிஸ். மாற்று மருந்துன்னு சொல்லி வீட்டிலேயே சாராயம் ஊற்றிக் கொடுக்காதீங்க. அந்த அளவை மருத்துவமனையில்தான் கணக்கிட முடியும்.

10/ பலர் தாமதமா வருவதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. போலீஸ் கேஸ் ஆகுமோங்கிற பயமும், ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்ங்கிற கூச்சமும் சேர்ந்துதான் கையைக் கட்டிப்போடுது. உண்மையைச் சொல்லிவிட்டால் எங்களுக்கு வைத்தியம் செய்வது சுலபம்.

11/ கூடக் குடித்தவரில் ஒருத்தருக்குக் கண் மங்கினாலும், மற்றவர்கள் நல்லா இருந்தாலும், எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. 108-க்கு அடிங்க. வீட்டில் தின்னர், பாலிஷ் இருந்தால் தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்காதீங்க.

உப்பளத்துக்கும் குப்பத்துக்கும் வேலைக்குப் போகிற யாரையாவது தெரிஞ்சா, இதைப் படிச்சுக் காட்டுங்க.