வீட்டுவேலை செய்தவரின் மகள்

நியூயார்க் மாநகரின் புரூக்ளினில் பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் என்றொரு வட்டாரம். கறுப்பின மக்கள் உழைத்தும் உயராது வாடிய இடம்! 1968இல் அங்கே காங்கிரஸ் தேர்தலில் நின்றார் ஷர்லி சிசம். தையலும் வீட்டுவேலையும் செய்த தாயின் மகள். வேலை, கல்வி, வீட்டுவசதி, குழந்தைக் காப்பகம் - இவையே அம்மையார் தொகுதிக்கெனக் கேட்டவை. வென்றார், காங்கிரசில் நுழைந்த முதல் கறுப்பினப் பெண்மணியானார்.

அவருக்குத் தரப்பட்டதோ வேளாண்மைக் குழு! மாநகரத் தொகுதிக்கு மரமும் காடுமா? புதியவர் பணிவதே மரபாம். மறுத்தார் அம்மையார், படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினர்.

காப்பகத் திட்டத்தை 1971இல் நிக்சன் தடுத்தார், அம்மையார் தளரவில்லை. 1974இல் வீட்டுவேலை செய்வோருக்கும் குறைந்தபட்ச ஊதியம் சட்டமாயிற்று. அதற்காகப் போராடியோருள் அவரும் ஒருவர்.

மரபுக்கு மண்டியிடாதவரே மக்களுக்கு உழைப்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ நமக்கு?